படத்தின் பிரகாசமும் மேசையின் லக்ஸும்: ஒரு வாசிப்பறையில் டயலக்ஸ் ஈவோ மென்பொருள்

பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே பிரியும் கிரவல் வீதியொன்றின் ஓரத்தில் எங்கள் கிராமத்துச் சனசமூக நிலையம் இருக்கிறது. அதன் வாசிப்பறை 8 மீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமும் கொண்டது. பகலில் பத்திரிகை வாசிக்கும் பெரியவர்களும், மாலை ஆறு மணிக்குப் பின்னர் சாதாரண தரமும் உயர்தரமும் படிக்கும் பிள்ளைகளும் அங்கே வந்து அமர்கிறார்கள். கடந்த ஆண்டு அந்த அறைக்கு நான்கு இரட்டைக் குழாய் எல்.ஈ.டி. பிற்றிங்குகள் போதும் என்று வரைபடம் வரைந்து, ரெண்டரிங் மென்பொருள் ஒன்றில் அறையின் படத்தையும் உருவாக்கி, நிர்வாகசபையினருக்குக் காட்டியவன் நான். படத்தில் சுவர்கள் வெள்ளையாகத் துலங்கின, மேசைகளில் நிழல் இல்லை, எல்லோருக்கும் பிடித்திருந்தது. பொருத்தி முடித்த முதல் இரவிலேயே, ஓரத்து வாங்கில் இருந்த பிள்ளைகள் கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு நடுவுக்கு நகர்வதைக் கண்டேன். மறுநாள், பரப்பில் விழும் ஒளியை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் மானியொன்றை இரவல் வாங்கி, மேசை உயரத்தில் ஒவ்வொரு சதுர மீற்றரின் நடுவிலும் வைத்து 48 இடங்களில் அளந்தபோது, சராசரி 150 லக்ஸ் வந்தது.

வாசிப்பு மேசைக்கு எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஐரோப்பிய நியமமான ஈ.என். 12464-1 தெளிவான எண்களைத் தருகிறது. நூலகத்தில் வாசிக்கும் இடத்துக்கு 500 லக்ஸ், அதைச் சூழ்ந்த பரப்புக்கு 300 லக்ஸ், புத்தக அலுமாரிக்கு 200 லக்ஸ். குறைந்த இடத்தின் அளவைச் சராசரியால் வகுத்தால் கிடைக்கும் சீர்மை, வாசிக்கும் இடத்தில் 0.6க்குக் குறையக்கூடாது. என் படம் காட்டிய அறைக்கும் இந்த எண்களுக்கும் இடையே இருந்த தூரந்தான், அறையின் ஒளியை எண்களாகக் கணிக்கும் டயலக்ஸ் ஈவோ மென்பொருளிடம் என்னைக் கொண்டுசென்றது. ஏறத்தாழ ஓராண்டாக அதைப் பயன்படுத்தி, அது சொன்னதை மானியால் சரிபார்த்த பின்னரே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதலில், அந்தப் படம் எங்கே தவறியது என்பதைச் சொல்லவேண்டும், ஏனெனில் இதே தவறை எங்கள் பகுதியில் பலரும் செய்கிறார்கள். ரெண்டரிங் படத்தில் நாம் காண்பது அறையின் ஒளி அன்று. அந்த ஒளி ஒரு கற்பனைக் கமெராவின் ஒளிப்பதிவு அளவால் பெருக்கப்பட்டு, திரைக்கு ஏற்றபடி நிற வளைவு ஒன்றினூடாகச் சுருக்கப்பட்ட பின்னர் எஞ்சுவதையே காண்கிறோம். ஒளிப்பதிவைத் தானியங்கி நிலையில் விட்டால், 150 லக்ஸ் அறையும் 500 லக்ஸ் அறையும் திரையில் ஏறக்குறைய ஒரே பிரகாசத்துடன் தோன்றும். எங்கள் கண்ணும் இருளுக்குப் பழகிக்கொள்வதால், நேரில் நின்று பார்த்தாலும் இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம். பிள்ளை இரண்டு மணிநேரம் படித்துக் கண் களைத்த பின்னர்தான் வேறுபாடு தெரியவரும்.

வாற் என்ற சொல்லும் குழப்புகிறது. பிளெண்டர் போன்ற இலவச மென்பொருளில் விளக்கின் பலத்தை வாற்றில் கேட்கிறார்கள். அது விளக்கு ஒளியாக வெளியிடும் சக்தியைக் குறிக்கிறது, மின்மானியில் ஓடும் வாற்றை அல்ல. பெட்டியில் 18 வாற் என்று எழுதியிருப்பதை அப்படியே அந்தக் கட்டத்தில் இட்டால், விளக்கு உண்மையில் தருவதைவிடப் பல மடங்கு ஒளியைக் கணினி பாய்ச்சும். மனிதக் கண் மிகவும் உணரும் 555 நனோமீற்றர் பச்சை ஒளியில்கூட ஒரு வாற் ஒளிச்சக்தி 683 லூமன்தான்; லூமன் என்பது விளக்கொன்று தரும் மொத்த ஒளியின் அலகு. வெள்ளை ஒளியில் அதனிலும் குறைவு. நான் அன்று செய்த பிழைகளில் இதுவும் ஒன்று.

டயலக்ஸ், ஜேர்மனியின் லூடன்ஷைட் நகரில் உள்ள டயல் என்ற நிறுவனத்தின் தயாரிப்பு. ஈவோ என்பது அதன் புதிய தலைமுறை. அடிப்படைப் பதிப்பு இலவசம். மின்விளக்குத் தயாரிப்பாளர்கள் தங்கள் பொருட்பட்டியலை அதில் சேர்ப்பதற்குப் பணம் கொடுப்பதால் வடிவமைப்பாளரிடம் கட்டணம் கேட்பதில்லை. விண்டோஸ் கணினியில் மாத்திரமே இயங்கும். என் மடிக்கணினி எட்டு வருடப் பழையது. அதிலும் ஓடுகிறது, ஆனால் கணிப்பைத் தொடக்கிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வரவேண்டியிருக்கிறது. தரவிறக்கம் பெரிது என்பதால், கைப்பேசி இணைப்பை நம்பியிருப்போர் இரவில் தரவு மலிவாகக் கிடைக்கும் நேரத்தைத் தேர்வது நல்லது. தமிழில் பட்டியல்கள் இல்லாதது குறைதான். இருந்தாலும் படங்களும் குறியீடுகளும் தெளிவாக இருப்பதால், என்னுடன் வேலை பழகும் தம்பி ஒருவர் ஒரு கிழமைக்குள் தானே ஓர் அறையை வரையக் கற்றுக்கொண்டார்.

இந்த மென்பொருளின் உயிர்நாடி அதன் கணிப்புத் தளம். அறையை வரைந்தவுடனேயே தரையிலிருந்து 0.8 மீற்றர் உயரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தட்டை அது விரித்து, அந்தத் தட்டில் விழும் ஒளியைப் புள்ளி புள்ளியாகக் கணித்து, சராசரி, குறைந்தது, கூடியது, சீர்மை ஆகியவற்றை அட்டவணையாகத் தருகிறது. அறையின் படத்தை எவ்வளவு வெளுப்பாக்கினாலும் மங்கலாக்கினாலும் இந்த எண்கள் அசைவதில்லை. கமெராவுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. சுவரோரத்தில் எவ்வளவு அகலத்தை விட்டுவிடலாம் என்பதையும் நாமே தீர்மானிக்கலாம். நான் அரை மீற்றர் விட்டேன், ஏனெனில் என் மானியின் கடைசிப் புள்ளிகளும் சுவரிலிருந்து அரை மீற்றரில்தான் இருந்தன. கணினி அளப்பதும் கை அளப்பதும் ஒரே இடத்தில் இல்லாவிட்டால் இரண்டையும் ஒப்பிடுவதில் பொருளில்லை.

புதிய திட்டம் போடுவதற்கு முன்னர், ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்த நான்கு பிற்றிங்குகளையே மென்பொருளில் வைத்துப் பார்த்தேன். இதைத்தான் எல்லோருக்கும் முதலில் செய்யும்படி சொல்வேன். ஒவ்வொரு பிற்றிங்கும் 3600 லூமன் என்று பெட்டி சொல்கிறது. எந்தத் திசையில் எவ்வளவு ஒளி செல்கிறது என்பதைச் சொல்லும் கோப்பு இல்லாமல் மென்பொருள் எதையும் கணிக்காது. அமெரிக்க முறையில் அதை ஐ.ஈ.எஸ். கோப்பு என்றும், ஐரோப்பிய முறையில் யூலம்டாற் கோப்பு என்றும் சொல்வார்கள். பெரிய தயாரிப்பாளர்கள் இவற்றை இணையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். எங்கள் பட்டினக் கடைகளில் வாங்கும் விளக்குகள் பெரும்பாலானவற்றுக்கு அப்படி ஒன்றும் கிடையாது; நான் வாங்கிய இடத்தில் கேட்டபோது, அப்படியொரு கோப்பு இருப்பதே தெரியாது என்றார்கள். அதனால் அதே நீளமும் அதே இரட்டைக் கண்ணாடிக் குழாயும் கொண்ட, வேறொரு தயாரிப்பாளரின் கோப்பை எடுத்து, லூமன் அளவை மாத்திரம் 3600 என்று மாற்றிக்கொண்டேன். இங்கே ஓர் எச்சரிக்கை: பழைய புளோரசன்ற் ரியூப்பின் கோப்பை எல்.ஈ.டி. குழாய்க்குப் போடக்கூடாது. பழைய குழாய் சுற்றிவர ஒளியைச் சிந்தும், எல்.ஈ.டி. குழாயில் சில்லுகள் ஒரு பக்கமாக இருப்பதால் பெரும்பங்கு கீழே செல்லும், கண்ணாடிக் குழாய் வகையில் ஒரு பங்கு பக்கங்களுக்கும் மேலுக்கும் பரவும். கோப்பு மாறினால் கூரைக்கும் தரைக்கும் போகும் பங்கே மாறிவிடும்.

முதற் கணிப்பில் சராசரி 180 லக்ஸ் வந்தது. மானி சொன்னது 150. ஆறில் ஒரு பங்கு ஒளி எங்கோ மறைந்திருந்தது.

அதைத் தேடியதில்தான் இந்த மென்பொருளின் அருமையை உணர்ந்தேன். புதிய அறை ஒன்றைத் திறக்கும்போது டயலக்ஸ், கூரைத் தட்டு தன்மேல் விழும் ஒளியில் 70 சதவீதத்தையும், சுவர் 50 சதவீதத்தையும், தரை 20 சதவீதத்தையும் திருப்பி அனுப்புவதாக எடுத்துக்கொள்கிறது. வெள்ளைச் சுண்ணத்தட்டுக் கூரையும் வெளிர் சுவரும் கொண்ட அலுவலகத்துக்கு அது பொருந்தும். எங்கள் வாசிப்பறையின் மேற்பக்கம் வர்ணமே காணாத அஸ்பெஸ்டஸ் சீற். சுவரின் கீழ்ப்பாதி, அழுக்குத் தெரியாமல் இருக்கவென்று பூசிய கரும்பச்சை. அவற்றின் தெறிப்பு வீதத்தை அறிய நான் கையாண்ட வழி எளியது. மானியைப் பரப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, அறையைப் பார்க்கப் பிடித்து விழும் ஒளியை அளந்தேன். பின்னர் மானியைத் திருப்பி, அதே பரப்பைப் பார்க்கப் பிடித்துத் தெறித்து வருவதை அளந்தேன். இரண்டாவதை முதலாவதால் வகுத்தேன். ஆய்வுகூடத் துல்லியம் இதில் இல்லை, ஆனால் 70க்கும் 30க்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட இது தாராளமாகப் போதும். கூரைக்கு 30 சதவீதம், பச்சைச் சுவருக்கு அதனிலும் குறைவு. இவற்றை மென்பொருளில் இட்டு, இரும்பு அலுமாரிகள் மூன்றையும் வரைந்து மீண்டும் கணித்தபோது 160 லக்ஸ் வந்தது. எஞ்சிய பத்து லக்ஸ் வித்தியாசம், பெட்டியில் எழுதிய லூமன் கூடுதலாக இருந்ததாலோ, என் மானியின் பிழையாலோ, மாலையில் எங்கள் பக்கம் 230 வோல்ற்றுக்குக் கீழே இறங்கும் மின்னழுத்தத்தாலோ வந்திருக்கலாம். ஆறு சதவீத வேறுபாட்டுடன் என்னால் வேலை செய்ய முடியும்.

இப்போது மாதிரி உண்மையான அறையைப் போல நடந்துகொள்கிறது என்ற நம்பிக்கையுடன் புதிய திட்டத்தைத் தொடங்கினேன். மூன்று வரிசையில் மும்மூன்றாக ஒன்பது பிற்றிங்குகள் போட்டால், புதிதாக இருக்கும்போது 360 லக்ஸ். தூசியும் விளக்கின் வயதும் குறைக்கும் பங்கைச் சேர்க்க 0.8 என்ற பராமரிப்புக் காரணியால் பெருக்கினால் 288. சூழ்பரப்புக்கு வேண்டிய 300க்குக்கூடப் போதவில்லை. பத்தாவது பிற்றிங்கை வாங்குவோம் என்றார் பொருளாளர். அதற்கு முன்னர் கூரையையும் சுவரின் கீழ்ப்பாதியையும் வெளிர் நிறத்துக்கு மாற்றிக் கணித்துப் பார்ப்போம் என்றேன். மாற்றியதும் அதே ஒன்பது பிற்றிங்குகள் 405 லக்ஸ் தந்தன, பராமரிப்புக்குப் பின் 324. ஒரு வாற் மின்சாரமும் கூடாமல் எட்டில் ஒரு பங்கு ஒளி அதிகம். இரண்டு வாளி வெள்ளை எமல்ஷனும் கிராமத்து இளைஞர்களின் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் செலவாகின. மின்கட்டணத்தை உறுப்பினர் சந்தாவில் கட்டும் நிலையத்துக்கு இது சிறிய விடயம் அல்ல. மென்பொருள் இல்லாமல், வர்ணத்துக்கும் விளக்குக்கும் இடையே இப்படி எண் வைத்துப் பேசியிருக்க என்னால் முடிந்திராது.

பொருத்திய பின்னர், இருட்டியதும் விளக்குகளை அரை மணிநேரம் எரியவிட்டு அளந்தேன். எல்.ஈ.டி. சூடேறும்போது ஒளி சற்றுக் குறைந்து நிலைகொள்வதால், போட்டவுடன் அளப்பது தவறான உயர்வைத் தரும். அதே 48 புள்ளிகளில் சராசரி 378. மென்பொருள் சொன்ன 405க்கு ஏழு சதவீதம் குறைவு. முன்னர் கண்ட அதே அளவு வேறுபாடுதான். பிழை இருந்தாலும் அது நிலையான பிழை என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது, ஏனெனில் நிலையான பிழையை அடுத்த திட்டத்தில் முன்கூட்டியே கழித்துக்கொள்ளலாம்.

வாசிப்பு மேசைகளின் கதை வேறு. அறை முழுவதன் சராசரியை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டிருந்தால் மேசைகளை மறந்திருப்பேன். நீண்ட மேசைகள் இரண்டின்மேலும் தனித்தனியாகக் கணிப்புத் தளம் விரித்தபோது, பராமரிப்புக்குப் பின் 390 லக்ஸ் என்று வந்தது, வேண்டியது 500. நடுவரிசையை அரை மீற்றர் தாழ்த்திப் பார்த்தேன். தூரம் குறைந்தால் ஒளி வேகமாகக் கூடும் என்ற விதிப்படி மேசையின் எண் 470ஐத் தாண்டியது. ஆனால் கண்கூச்சத்தை அளக்கும் யூ.ஜி.ஆர். எண் 22க்கு ஏறியது. வாசிக்கும் இடத்துக்கு அது 19ஐ மீறக்கூடாது. மேசையின் நீளப்பக்கம் அமரும் பிள்ளை தலை நிமிரும்போதெல்லாம் வெறுங்குழாய் கண்ணில் அடிக்கும் என்பது அதன் பொருள். அந்த யோசனையைக் கைவிட்டு, மூன்று வரிசைகளையும் மேசைகளை நோக்கிச் சற்று நெருக்கினேன். மேசையில் 440 கிடைத்தது, அறையின் மூலைகள் சிறிது இருண்டன. மூலைகளில் யாரும் படிப்பதில்லை என்பதால் அதை ஏற்றுக்கொண்டோம். 500ஐ இன்னும் எட்டவில்லை என்பதை நிர்வாகசபையிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

மேசைகளில் புதிதாக அளந்தபோது 515 லக்ஸ் வந்தது. பலர் அதைக் கண்டு, வேண்டியது கிடைத்துவிட்டது என்றார்கள். புது விளக்கின் முதல் நாள் எண்ணைக் கொண்டு முடிவெடுக்கக்கூடாது என்று விளக்கவேண்டியிருந்தது. சோளகம் வீசும் மாதங்களில் எங்கள் வீதியின் செம்புழுதி யன்னல் கம்பிகளினூடாக வந்து எல்லாவற்றிலும் படிகிறது. நான்கு மாதங்களின் பின்னர் துடைக்காமல் அளந்தேன்: அறையின் சராசரி 378 இலிருந்து 322க்கு இறங்கியிருந்தது. ஈரத்துணியால் குழாய்களைத் துடைத்து உலரவிட்டு மீண்டும் அளந்தேன்: 369. மென்பொருள் தானாக வைத்திருக்கும் 0.8 என்ற காரணி, ஒழுங்காகத் துடைக்கும் இடத்துக்கே செல்லும். துடைப்பவர் இல்லாத கட்டடத்துக்குத் திட்டமிடுவோர், வன்னியில் 0.7 என்று வைப்பதே நேர்மை. இந்த எண்ணை மாற்றும் கட்டம் மென்பொருளில் எளிதில் கண்ணிற்படாத இடத்தில் இருப்பதை ஒரு குறையாகவே கருதுகிறேன்.

ஒளி அளவை நிறங்களாகக் காட்டும் வசதி எல்லோரையும் கவர்கிறது: குறைந்த இடம் நீலம், கூடிய இடம் சிவப்பு. எண் அட்டவணையைப் பார்க்க விரும்பாத நிர்வாகசபை உறுப்பினருக்கு இதைக் காட்டினால் உடனே விளங்கும். இரண்டு விடயங்களில் கவனம் வேண்டும். நிற அளவுகோலின் எல்லைகளை நாமே 0, 100, 200, 300, 500 என்று நிலைநிறுத்தவேண்டும். தானாக விட்டால் விளக்குக்கு அருகே உள்ள ஒரு பிரகாசமான புள்ளி முழு அளவுகோலையும் இழுத்துக்கொண்டு போய், மேசையெல்லாம் நீலமாகிவிடும். திட்டத்துக்குத் திட்டம் எல்லை மாறினால், இரண்டு படங்களை அருகருகே வைத்து ஒப்பிடவும் முடியாது. இரண்டாவது, எதை அளக்கிறோம் என்பது. பரப்பில் வந்து விழும் ஒளி லக்ஸ். அந்தப் பரப்பிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிர்வு, சதுர மீற்றருக்குக் கன்டெலா. 300 லக்ஸ் விழும் வெள்ளைத் தாள், 80 சதவீதம் தெறிப்பதாக வைத்தால், 76 கன்டெலா ஒளிர்வைத் தரும்; அதே 300 லக்ஸ் விழும் கரும்பலகை, 10 சதவீதம் தெறித்தால், 10 கன்டெலாவைக்கூட எட்டாது. நிறப்படத்தை ஒளிர்வுக்கு வைத்துவிட்டு, கரும்பலகையில் ஒளி இல்லை என்று விளக்கைக் கூட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒளி இருக்கிறது, கரும்பலகை அதை விழுங்குகிறது.

பகல் வெளிச்சத்தையும் ஈவோ கணிக்கும். இடம், திகதி, நேரம், வானத்தின் வகை ஆகியவற்றைக் கேட்கும். எங்கள் அகலக்கோடு ஏறத்தாழ 9.4 பாகை வடக்கு என்பதால், சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகற் சூரியன் உச்சந்தலைக்கு மேலே நிற்கும். அந்த நேரம் கூரைத் தாழ்வாரமே போதிய நிழல் தரும். தொல்லை தருவது காலையிலும் மாலையிலும் கிழக்கு மேற்கு யன்னல்களினூடாகத் தாழ்ந்து வரும் வெயில். மேற்கு யன்னலுக்கு அருகே இருந்த மேசையை உள்ளே நகர்த்தும் முடிவை, பிற்பகல் நான்கு மணிக்கான கணிப்பைப் பார்த்தே எடுத்தோம். வானம் முழுதும் மூடிய நிலைக்கான கணிப்பு, உச்சி வானம் அடிவானத்தைவிட மூன்று மடங்கு ஒளிர்வதாக எடுத்துக்கொள்கிறது. அது மாரிகாலப் பிற்பகலுக்குப் பொருந்தும். ஆடி ஆவணி வெயிலில், வெளியே ஒரு இலட்சம் லக்ஸ் அளவில் கொட்டும்போது, அந்த எண்ணை வைத்துக்கொண்டு யன்னலைப் பெருப்பித்தால் அறை வெந்துவிடும்.

மற்ற மென்பொருள்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். சுவிற்சர்லாந்தின் ரிலக்ஸ், டயலக்ஸ் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்கிறது. ஒன்றில் பழகியவர் மற்றதற்கு மாறவேண்டிய தேவை இல்லை. கட்டடக் கலைஞர்கள் பயன்படுத்தும் வி-றே, ஒளி அளவை நிறமாகவும் எண்ணாகவும் காட்டும் தனி அடுக்கு ஒன்றைத் தருகிறது. என்ஸ்கேப்பிலும் லக்ஸைக் காட்டும் பார்வை உண்டு. அவற்றுக்குக் கட்டணம் கட்டவேண்டும், எங்கள் அளவு வேலைக்கு அது கட்டுப்படியாகாது. பிளெண்டர் ஐ.ஈ.எஸ். கோப்பைப் படிக்கும், அழகான படமும் தரும், ஆனால் மேசையில் எத்தனை லக்ஸ் என்று கேட்டால் பதில் சொல்லும் கருவி அதற்குள் ஆயத்தமாக இல்லை. நான் அதைப் படத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

றேடியன்ஸ் தனியாகப் பேசவேண்டியது. அமெரிக்காவின் லோறன்ஸ் பேர்க்லி தேசிய ஆய்வுகூடத்தில் கிறெக் வோட் உருவாக்கி, 1994இல் விரிவாக அறிமுகப்படுத்திய இந்த மென்பொருள், கண்ணிலிருந்தும் அளவுப் புள்ளியிலிருந்தும் பின்னோக்கிக் கதிர்களைச் செலுத்தி ஒளியின் மூலத்தைத் தேடுகிறது. படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் உண்மையான ஒளிர்வு எண்ணைச் சேமித்து வைக்கிறது என்பதே அதன் பெருமை. ஒரு வாற்றுக்கு 179 லூமன் என்ற நிலையான காரணியால் பெருக்கினால் அந்த எண் லூமன் கணக்குக்கு வந்துவிடும். இலவசமானது, ஆய்வாளர்கள் நம்புவது. ஆனால் கட்டளைகளைத் தட்டச்சுச் செய்தே வேலை வாங்கவேண்டும். கதிர் எத்தனை முறை தெறிக்கலாம் என்ற எண்ணைக் குறைவாக வைத்தால், அறையின் மூலைகள் காரணமின்றி இருண்டு, லக்ஸும் குறைந்து வரும். இதை அறியாதவர் விளக்கைக் குறைசொல்லுவார். பொறியியல் படிக்கும் பிள்ளைகள் அதைக் கற்கவேண்டும் என்று விரும்புகிறேன். வயரிங் வேலை செய்பவருக்கு டயலக்ஸ் போதும்.

இவ்வளவு எண்களுக்குள் நான் ஏன் இறங்கினேன் என்று சிலர் கேட்டார்கள். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், மண்ணெண்ணெய் கிடைக்காதபோது, ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சில துளி எண்ணெயில் எரித்த விளக்கின் கீழ் என் தலைமுறை படித்தது. மெழுகுதிரி ஒன்றின் சுடர் ஒரு திசையில் தரும் ஒளி ஏறத்தாழ ஒரு கன்டெலா. அதை 30 சென்ரிமீற்றர் தூரத்தில் வைத்தால் கொப்பியில் விழுவது 11 லக்ஸ், அரை மீற்றரில் வைத்தால் 4 லக்ஸ். போத்தல் விளக்கு அந்தச் சுடரைவிடப் பெரியதாக எரிந்ததாக எனக்கு நினைவில்லை. 2022இல் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்றபோது, எங்கள் பிள்ளைகளும் அதே நான்கு லக்ஸுக்குத் திரும்பினார்கள். மின்சாரம் இருக்கும் மாலையில் அவர்களுக்கு வேண்டிய வெளிச்சம் மேசையில் விழுகிறதா என்பதைக் கண் மதிப்பில் விட எனக்கு மனமில்லை.

இனிச் செய்யவேண்டியதில் ஒன்று எஞ்சியிருக்கிறது. புத்தக அலுமாரிகளின் முகத்தில் நிமிர்ந்த கணிப்புத் தளம் ஒன்றை வைத்துப் பார்த்தபோது, மேல்தட்டில் 240 லக்ஸும் கடைசித் தட்டில் 90 லக்ஸும் வந்தன. கிடைத்தளத்தில் விழும் ஒளியை மட்டும் அளந்தால் இது தெரியவே வராது. சிறுவர் புத்தகங்கள் இருப்பதோ அந்தக் கடைசித் தட்டில்தான். அலுமாரியிலிருந்து 80 சென்ரிமீற்றர் தள்ளி, ஒற்றைக் குழாய் ஒன்றை அதற்குச் சமாந்தரமாகத் தொங்கவிட்டுக் கணித்ததில், கடைசித் தட்டு 170க்கு ஏறியது. குழாயை வாங்கியாயிற்று; இணைப்பு வேலை வருகிற சனிக்கிழமை நடக்கும், இருட்டியதும் அளப்பேன். சிறுவர் புத்தகங்களை இரண்டாம் தட்டுக்கு மாற்றும்படி நூலகப் பொறுப்பாளரிடம் இப்போதே சொல்லியிருக்கிறேன்.